பதினேழாவது துண்டு

அத்தியாயம் 7

விசாரணை அதிகாரி வைத்த கெடு மாலை ஐந்து மணி. தூக்குக்குண்டு என்று எல்லோரும் கூப்பிடும் துப்பறிவாளர், பாலம் கட்டும் இடத்தின் வாசலில் பைக்கை நிறுத்தியபோது மணி இரண்டு பத்து.

கொத்து வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பேர் அது. எழும்புகிற சுவர் நேராக நிற்கிறதா, வயிறு தள்ளுகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குண்டு. இப்போது சுவருக்குப் பதில் மனுஷர்களைப் பார்க்கிறார். முதுகு மட்டும் சுவர்க் காலத்து முதுகு. பைக்கை விட்டு இறங்க அதற்கு இரண்டு தவணை பிடித்தது.

"இறங்கிடுவீங்களாண்ணே, இல்ல கிரேன் கொண்டுவரச் சொல்லட்டுமா?" பின்சீட்டிலிருந்து எப்போதோ குதித்துவிட்ட அவருடைய கூட்டாளி ஒயர் கேட்டாள். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவள். கடை போய்விட்டது, வாய் மிச்சம்.

"கிரேன் பேச்சை இங்க எடுக்காத."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு உள்ளே, மண்ணில் ஒரு முனை புதைந்து, பாலத்துக்கான கர்டர், அந்த இரும்பு உத்திரம், விழுந்த மாதிரியே கிடந்தது.

பதினோரு நாளாயிற்று. இரண்டு கிரேன்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிய இரும்புக் கர்டர் அது. பாதி உயரத்தில் கிழக்குக் கிரேனின் கம்பி வடம் அறுந்தது. கீழே நின்றவன் கட்டுக்காரன்; வடம் கட்டுவது அவன் வேலை. நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கிரேனை ஓட்டியவர் அவனுடைய சொந்த மச்சான், அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இப்போது அவர் காவலில் இருக்கிறார்.

அந்த மனைவிதான் இவர்களைத் தேடி வந்தாள். இதே வேலையிடத்து ஆபீசில் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுவது அவள் வேலை. வீட்டில் இருந்த காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் திணித்துக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். அண்ணனுடைய லைசென்ஸ், அன்றைய தூக்குக் கணக்குத் தாள், பிணவறையில் உடலை வாங்கிக்கொண்ட ரசீது. "புருஷனைப் பறிகொடுத்துட்டேன். அண்ணனையும் கொடுக்க முடியாதுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுகிற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த முகம்.

கேஸ் அந்தக் கணக்குத் தாளில் நின்றது. கிழக்குக் கிரேன் தாங்க வேண்டிய பாரம் 18.4 டன் என்று அதில் அச்சாகியிருந்தது. அதை நம்பித்தான் இருபது டன் வடம் கட்டினோம் என்றார் கிரேன்காரர். இன்ஜினியர் விசாரணையில் காட்டிய தாளிலோ அதே கர்டர், அதே கிரேன், பாரம் மட்டும் 23.1 டன்.

"நான் கொடுத்தது இருபத்திமூணு. பெரிய வடம் கட்டச் சொன்னேன். சோம்பேறித்தனத்துல சின்னதைக் கட்டிட்டு, ஆள் செத்ததும் அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து பொய்த் தாள் அடிச்சிருக்காங்க." இன்ஜினியரின் வாக்குமூலம் இது.

தங்கை சொல்லும் சாட்சி அண்ணனுக்கு எடுபடாது. ஐந்து மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டால் அவர் வருடக்கணக்கில் உள்ளே. பொய்த் தாளுக்காக அவளும்.

தூக்குக்குண்டு கர்டரின் பக்கம் குனிந்தார். முழு நீள இரும்பு இல்லை. துண்டு துண்டாக வந்து போல்ட் போட்டு இணைத்தது. ஒவ்வொரு துண்டின் வயிற்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு எண்கள் இருந்தன: எத்தனையாவது துண்டு, எத்தனை டன். அவர் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து, மண்ணில் புதைந்த முனையில் நின்றார். அங்கே மண்ணை மாற்றிப் போட்டிருந்தார்கள். புது மண் வேறு நிறம்.

"ஒயரு, ஒரு கழித்தல் சொல்லு. இருபத்திமூணு புள்ளி ஒண்ணுல பதினெட்டு புள்ளி நாலு போனா?"

"நாலு புள்ளி ஏழு. எனக்குப் பரீட்சை வைக்கிற நேரமாண்ணே இது?"

"கீழ பாரு."

கடைசித் துண்டு. மேலே 17. அதன் கீழே 4.7.

ஒயர் ஒரு விசில் அடிக்கப் போய், இடத்தை நினைத்து உதட்டை மூடிக்கொண்டாள்.

"கிழக்குக் கொக்கி நேரா இந்தத் துண்டு மேலதான் மாட்டியிருக்கு" என்றார் தூக்குக்குண்டு. "இதோட பாரம் மொத்தமும் அந்தக் கிரேன் தலையில. பொய்த் தாள் அடிக்கிறவன் வாய்க்கு வந்த நம்பரைப் போட்டிருப்பான். ஒரு துண்டை மட்டும் பிசகாம உருவி எடுத்துட்டு எதுக்குப் போடறான்?"

"இது மனுஷப் பொய் இல்லண்ணே. மெஷின் மறதி."

"அப்ப மெஷினையே கேப்போம்."

*

ஆபீஸ் என்பது சக்கரம் கழற்றிய இரும்புப் பெட்டி. வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அதிகாரியின் அனுமதிக் கடிதத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கையால் காட்டினார்.

"தாராளமாப் பாருங்க. மூணரை மணிக்கு நான் விசாரணைக்குக் கிளம்பணும்."

"கிரேன்காரர் வயர்லெஸ்ல கூப்பிட்டாராமே, கிரேன்ல பாரம் காட்டுற முள்ளு இருபத்திமூணு காட்டுதுன்னு?" தூக்குக்குண்டு சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அதுக்கென்ன பதிவா இருக்கு?"

"நீங்க பதில் சொன்னீங்களாம். முள்ளு பொய் சொல்லும், பேப்பர் பொய் சொல்லாது, தூக்குன்னு."

"அதுக்கும் பதிவு இல்ல."

ஒயர் பதினேழு துண்டுகளின் எடையையும் தூரத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். பொத்தானை அழுத்தினாள். அச்சு இயந்திரம் முனகியபடி ஒரு தாளைத் துப்பியது.

23.1.

ஒயரின் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு முறை ஏற்றினாள். 23.1.

"திருப்தியா?" என்றார் இன்ஜினியர். "உங்க ஆளுங்க மாதிரி இல்ல. மெஷினுக்கு அண்ணன் தங்கச்சி கிடையாது."

தூக்குக்குண்டு திரையை நோக்கிக் குனிந்தார். அவர் பார்வை கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் இருந்தது. சிமென்ட் தூசு படிந்த சட்டத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. நாலு மூலையிலும் டேப்பின் பிசின். ரொம்ப நாள் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றைச் சமீபத்தில் பிய்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில், கடப்பாறைக்கும் மண்வெட்டிக்கும் எழுதுகிற அதே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு குறிப்பு: இரண்டில் 1.

"ஒண்ணு இதுன்னா ரெண்டாவது எங்க?" என்றார்.

"எது?" இன்ஜினியர் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார். "ஓ, அதுவா? கருவி ஸ்டோர்ல கிடக்கு. கையுறை எண்ணறதுக்கு. அது கம்ப்யூட்டரே இல்ல, குப்பை."

"கையுறை எண்ணி ரொம்ப நாளாச்சு" என்று எழுந்தார் தூக்குக்குண்டு.

வெளியே வந்ததும் ஒயர் பொரிந்தாள். "மானம் போச்சுண்ணே. மெஷின் சரியாத்தான் போடுது."

"இன்னிக்குச் சரியாப் போடுது. அன்னிக்கு? ஒரே மெஷின் எப்படி மாத்திப் பேசும்?"

ஒயர் நடந்துகொண்டே யோசித்தாள். யோசிக்கும்போதும் வாய் ஓடும் அவளுக்கு. "இந்தக் கணக்கு புரோகிராமை ஒரு மேஸ்திரின்னு வைங்க. தானா ஒரு செங்கல்லும் தூக்காது. கூட்டல் பெருக்கலுக்குக் கீழ ஒரு கூலியாள் வச்சிருக்கு. கணக்கு லைப்ரரின்னு பேரு. அந்த ஆளை எடுக்கற இடம் களஞ்சியம், நம்ம சிமென்ட் குடோன் மாதிரி ஒரு பொது இடம், நெட்ல. பழைய சரக்குல ஓட்டை இருந்தா அடைச்சுப் புதுசை அங்க வைப்பாங்க. நாமதான் எடுத்துக்கணும். எடுக்கலன்னா பழைய கூலியாளே வேலை பார்த்துட்டிருப்பான். மேஸ்திரிக்கு ஆள் மாறினதும் தெரியாது, மாறாததும் தெரியாது."

"அந்தக் கூலியாளுக்கு என்ன வியாதின்னு பாரு."

அவள் போனைத் தடவினாள். வெயிலுக்கு நெற்றியில் கையைக் குடையாக வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் நின்றுவிட்டாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்த திருத்தம்ணே. 'பதினாறு வரிசைக்கு மேல் கொடுத்தால் கடைசி வரிசை விட்டுப்போகும் குறை சரிசெய்யப்பட்டது.' அவ்வளவுதான். ஒரு ஆளைக் கொன்ன சமாச்சாரம், ஒத்தை வரியில முடிச்சிட்டான்."

"இதுக்கு முன்னாடி தூக்கின கர்டர்ல எத்தனை துண்டு?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. பாலத்தின் மேல் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த கர்டர்களை அவர் கீழே நின்றபடி விரலால் எண்ணினார். ஒவ்வொன்றிலும் பதினாறு. தூண்களுக்கு நடுவே உள்ள கடைசிக் கண் மட்டும் கொஞ்சம் அகலம். அதற்கு மட்டும்தான் பதினேழு.

*

ஸ்டோர்காரர் பெரிய உடம்புக்காரர். தகரக் கொட்டகையின் வாசலில் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து, எதிரே சும்மா வெறித்துக்கொண்டிருந்தார். இவர்கள் யார் என்று தெரிந்ததும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அந்த வடத்தை நான்தாங்க எடுத்துக் கொடுத்தேன். இருபது டன் வடம் மூணு இருந்துச்சு. ஸ்டோர் பழக்கம், பழசு முதல்ல போகணும். இருக்கறதுலயே பழசை எடுத்து அந்தக் கட்டுக்காரப் பையன் தோள்ல நானே ஏத்திவிட்டேன். 'என்ன மாமா, எனக்குன்னா கிழடுதான் கொடுப்பியா'ன்னு சிரிச்சுட்டே போனான்." அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "பதினெட்டு டன்னுன்னா அது தாங்கியிருக்கும் சார். தாங்கியிருக்கும்."

தூக்குக்குண்டு அவர் தோளில் கை வைத்தார். பிறகு கேட்டார். "உங்க கம்ப்யூட்டர் ஓடுமா?"

"ஓடும். ஆபீஸ்ல இருக்கறதும் இதுவும் ஒரே நாள் வந்தது, ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. அது கெட்டா இதுன்னு எல்லாத்தையும் இதுலயும் ஏத்தி வச்சாரு இன்ஜினியர். அப்புறம் எலி கேபிளைக் கடிச்சிடுச்சு. நெட் வராது. யாரும் சீந்தறதில்ல."

"எலி நல்லா இருக்கட்டும்" என்றாள் ஒயர். "நெட் இல்லன்னா புதுப்பிக்கவே முடியாதுண்ணே. பொறந்த மேனிக்கு இருக்கும்."

மேசை மேல் கையுறைக் கட்டுகளுக்கு நடுவே அது இருந்தது. பக்கவாட்டில் மஞ்சளாக: இரண்டில் 2. திரையின் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு சீட்டு, நாலு மூலையிலும் டேப். தூக்குக்குண்டு கிட்டே போய்ப் படித்தார்.

'காலையில் புதுப்பிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தவும். முக்கால் மணி நேரம் வேலை நிற்கக் கூடாது.' கீழே கடவுச்சொல். அதற்கும் கீழே சுருக்கொப்பம்.

"யார் கையெழுத்து?"

"இன்ஜினியருது. வந்த அன்னிக்கே ரெண்டுலயும் ஒட்டினாரு. அங்க அந்தப் பொண்ணோட கடவுச்சொல்லு, இங்க என்னோடது. மறந்துட்டேன்னு யாரும் சொல்லக் கூடாதாம்."

ஒயர் முதலில் பதினாறு துண்டுகளை மட்டும் ஏற்றினாள். விடை வந்தது. பிறகு பதினேழாவதையும் ஏற்றி அழுத்தினாள். அந்த மெஷின் ரொம்ப நேரம் யோசித்தது. மூன்று பேரும் அதன் முன்னால் மூச்சு விடாமல் நின்றார்கள்.

18.4.

பதினாறுக்கும் அதே விடை, பதினேழுக்கும் அதே விடை. கடைசித் துண்டை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது திரை. ஸ்டோர்காரர் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"மெஷினுக்கு அண்ணன் தங்கச்சி கிடையாதுன்னாரே" என்றாள் ஒயர். "ரெட்டைத் தம்பி இருக்கான்னு சொல்லலாம். வாங்கண்ணே, முடிஞ்சுது."

"முடியல. ஆபீஸ் மெஷினுக்கு எப்ப புத்தி வந்துச்சு, யார் கொடுத்தாங்க? அது தெரியாம 'யதேச்சையாப் புதுப்பிச்சோம், முன்னாடியே புதுப்பிச்சோம்'னு சொல்லிடுவாரு."

*

இன்ஜினியர் விசாரணைக்குக் கிளம்பிப் போயிருந்தார். இரும்புப் பெட்டியில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மணி மூன்று ஐம்பது.

"புதுப்பிக்கவான்னு கேட்டதுக்கு யார் என்ன அழுத்தினாலும் மெஷின் ஒரு மூலையில எழுதி வச்சுக்கும்" என்றாள் ஒயர். "அப்படி ஒரு ஏடு இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது. இவருக்கும் தெரிஞ்சிருக்காது."

தெரிந்திருக்கவில்லை. ஏடு அப்படியே இருந்தது. அச்சடித்தால் ஐந்து தாள் வந்தது. ஒயர் கடைசித் தாளை முதலில் எடுத்துப் பார்த்துத் துள்ளினாள்.

"மாட்டினான்! விபத்துக்கு மறுநாள் காலை ஏழு பன்னிரண்டு. 'சரி' அழுத்தியிருக்கு. செத்ததுக்கு அடுத்த நாள், அண்ணே!" பிறகு அவள் குரல் இறங்கியது. "ஆனா உள்ள நுழைஞ்ச பேரு... நம்ம பொண்ணோடது."

தூக்குக்குண்டு பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். மடித்து மடித்து ஓரம் நைந்த அந்த ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிணவறை. உடல் ஒப்படைக்கப்பட்டது, அதே தேதி, காலை 7.05. கீழே அவள் கையெழுத்து, கோணல் மாணலாக.

"ஊரோட அந்தக் கோடியில புருஷன் உடம்பை வாங்கிட்டிருந்தவ, ஏழே நிமிஷத்துல இங்க வந்து பொத்தான் அழுத்தினாளா?" என்றார். "அவ கடவுச்சொல்லு இந்தச் சட்டத்துல ஒட்டியிருந்துச்சு. அழுத்தினவன் அந்தச் சீட்டையும் பிய்ச்சுக்கிட்டான். எது கொன்னதுன்னு அன்னிக்குக் காலையிலயே அவனுக்குத் தெரியும்."

ஒயர் மற்ற நாலு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் அவள் விரல் நின்றது.

"என்ன?"

"இதைப் பாருங்க."

நாலு தாளிலும் மேலிருந்து கீழ் வரை ஒரே வரிதான். தேதி, காலை எட்டு மணி சொச்சம், அவள் பேர், 'வேண்டாம்'. மறுநாள் தேதி, அவள் பேர், 'வேண்டாம்'. எட்டு மாதம். அவர் எண்ணவில்லை, அடியில் மெஷினே கூட்டிப் போட்டிருந்தது. இருநூற்றுப் பதின்மூன்று. கடைசி 'வேண்டாம்' விபத்து நடந்த அன்று காலை எட்டு மூன்றுக்கு.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் விரல் அரை அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் கட்டுக்காரன் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பான்.

"அண்ணே." ஒயரின் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நமக்கு வேண்டியது கடைசித் தாள்தான். அதுல 'சரி' இருக்கு. ஸ்டோர் மெஷின் இருக்கு. இந்த நாலையும் என் பையில போட்டுக்கறேன். அவ பார்க்க வேண்டாம்."

தூக்குக்குண்டு அந்த நாலு தாள்களையும் பார்த்தார். கோணலாக எழும்பிய சுவரைப் பூசி மறைத்த மேஸ்திரிகளை அவருக்குத் தெரியும். அப்படி ஒரு சுவரில் அவரும் ஒரு முறை பூச்சு வேலை பார்த்திருக்கிறார்.

"பையிலேயே வச்சுக்க" என்றார். "ஆனா கிழிக்காத."

*

விசாரணை அறைக்கு வெளியே நீள பெஞ்சில் கட்டுக்காரனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாலு நாற்பத்தைந்து. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன்.

"கிடைச்சிருச்சும்மா" என்றார் தூக்குக்குண்டு. "உன் தாள் நிஜம். உன் அண்ணன் மேல தப்பு இல்ல." கணக்கு லைப்ரரியைப் பற்றிச் சொன்னார். பழைய சரக்கு, புதிய சரக்கு, விழுங்கின துண்டு, ஸ்டோர் மெஷின், மறுநாள் காலை அழுத்திய 'சரி'. சுருக்கமாகத்தான் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசியில் கேட்டாள். "புதுசை ஏன் முன்னாடியே எடுக்கலியாம்?"

அவர் தொண்டையைச் செருமினார். ஒயர் சுவரைப் பார்த்தாள்.

அந்த நொடியே போதுமாயிருந்தது அந்தப் பெண்ணுக்கு. தினம் காலையில் திரையில் வந்து நிற்கும் அந்தச் சின்னக் கட்டம் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். அவள் உதடுகள் அசைந்தன. "புதுப்பிக்கவா..." என்றாள், திரையில் இருப்பதைப் படிக்கிற மாதிரி.

"உன்னை அழுத்தச் சொன்னது அவன். அவன் கைப்பட எழுதின சீட்டு இருக்கு. நீ—"

"எத்தனை தடவைண்ணே?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப."

"எனக்கு வேணும்."

ஒயர் பையைத் திறந்து நாலு தாள்களையும் கொடுத்தாள். அந்தப் பெண் மடியில் வைத்துப் புரட்டினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக, எண்களைச் சரிபார்த்துப் பழகின கண்ணால். கடைசி வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றாள்.

"அன்னிக்கு அவரு வாசல்ல வண்டியை எடுத்துட்டு ஹாரன் அடிச்சாரு. ஒண்ணா வந்தோம். நான் போய் உக்காந்து முதல்ல செஞ்ச வேலை இதுதான்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாலு ஐம்பத்திரண்டு.

"கடைசித் தாள் மட்டும் போதும்மா" என்றார் தூக்குக்குண்டு. "மீதியை நாங்க காட்டல. யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் எழுந்தாள். அவர் கையில் இருந்த கடைசித் தாளையும் வாங்கி, ஐந்தையும் தட்டிச் சேர்த்து ஓரம் நேராக்கினாள். "ஒரு தாளை மட்டும் காட்டினா, மீதியை நான் மறைச்சேன்னு இன்ஜினியர் நாளைக்குச் சொல்லுவாரு. அண்ணன் மறுபடி உள்ள போவாரு." கதவைத் தள்ளிக்கொண்டு அவளே முதலில் போனாள்.

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இன்ஜினியர் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். மேசைக்கு எதிரே கிரேன்காரர், பதினோரு நாள் தாடியோடு. தங்கையைப் பார்த்ததும் அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் புருஷனைக் கொன்றது தன் கை என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

அவள் தாள்களை அதிகாரி முன்னால் வைத்தாள்.

"இருநூத்திப் பதிமூணு தடவை 'வேண்டாம்'னு அழுத்தினது நான்தான் சார். ஏன்னு எனக்குத் தெரியாது. அழுத்துன்னாங்க, அழுத்தினேன். கடைசியா 'சரி'ன்னு அழுத்தினது நான் இல்ல. அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னு ரசீது இருக்கு."

இன்ஜினியரின் கால் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

தூக்குக்குண்டு ரசீதையும், ஸ்டோர் மெஷினில் 18.4 என்று அச்சடித்து எடுத்த தாளையும், அதன் திரையிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்த, நாலு மூலையில் டேப் ஒட்டிய சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "பேப்பர் பொய் சொல்லாதுன்னீங்களாமே சார்" என்று இன்ஜினியரிடம் சொன்னார். "இந்தாங்க பேப்பர்."

அதிகாரி சீட்டைப் படித்தார். இன்ஜினியரின் வாக்குமூலத்தில் இருந்த கையெழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திறந்திருந்த பேனாவை மூடினார். பிறகு வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டு, கிரேன்காரரைக் காட்டாமல், இன்ஜினியரின் நாற்காலியைக் காட்டினார்.

கிரேன்காரர் எழுந்து வந்து தங்கையின் முன்னால் நின்றார். "நீ என்னம்மா பண்ணுவ, உனக்கென்ன தெரியும்" என்றார். எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை. அவள் அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒத்திப்போட்ட அழுகை அப்போதுதான் வந்தது. இடது கை அண்ணனின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது.

வலது கை மட்டும் தனியாகத் தொங்கியது. அதில் சுட்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கி நீட்டி வைத்திருந்தாள், வேறு யாருடைய விரலோ தன் கையில் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி.